ஞாயிற்றுக்கிழமை ஓய்வுப் பட்டியல்

ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எங்கள் கூடைப்பந்து லீகில் ஓய்வுப் பட்டியலை மைக்கில் வாசிப்பார்கள். உடனே அரங்கத்தில் ஒரு சத்தம் எழும். கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோச்சு என்றதும் கடைசி வரிசையிலிருந்து வருமே, அந்தச் சத்தம். ஆறாயிரம் பேர் சேர்ந்து எழுப்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோவை நொய்யல் பெண்கள் அணியில் ஏழு வருஷம் பிசியோவாக இருந்த எனக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். "இன்றைய ஆட்டத்தில் ஓய்வில் இருப்பவர், நொய்யல் அணியின் பதினோராம் எண், மிருணாளினி" என்று குரல் வந்ததும் பந்தி முழுக்கப் பாயசம் தீர்ந்துபோனது. மிருணாளினி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை. நாட்டிலேயே அவளைப்போல் எம்பிப் பந்து போடுகிற பெண் வேறு கிடையாது. அவளுடைய எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளே அங்கே ஆயிரம் தேறும். முன்வரிசையில் ஒருவர் அப்படி ஒரு சட்டை போட்ட மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினார்.

"நல்லாத்தானம்மா நிக்கற? ஆடுனா என்ன, தேஞ்சா போயிருவ?"

"நல்லா இருக்கறதாலதான் சார் உக்கார வெச்சிருக்காங்க" என்று மிருணா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார வைத்தது கிளி. அதன் உத்தியோகப் பெயர் முன்னுடல். ஆட்டக்காரியின் கால்களில் ஒட்டும் மெல்லிய பட்டைகள், அவள் எப்படி ஓடுகிறாள், எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள், எங்கே வலியை மறைக்கிறாள் என்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அவளுடைய உடம்புக்கு ஒரு நகல் செய்யும். அந்த நகல் கணினிக்குள் இரண்டு வாரம் முன்னாலேயே ஆடிக்கொண்டிருக்கும். அங்கே அதற்கு ஒரு தசை கிழிந்தால், இங்கே இவளை உட்கார வைத்துவிடலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தினமும் காலையில் ஒரு சீட்டு வரும். பெட்டியிலிருந்து சீட்டு எடுத்து நீட்டுகிற ஜாதிதானே என்று பெண்கள் அதற்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கிண்டல் செய்தாலும் எனக்குக் கிளியின் மேல் மரியாதை உண்டு. அது வருவதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. ஒரு பெண்ணின் முழங்காலில் வலி தெரியாமலிருக்க ஊசி போட வைத்து, "ஒண்ணுமில்ல, போய் ஆடு" என்று இறுதிப்போட்டிக்கு அனுப்பினேன். கோப்பை வந்தது. அவளுக்கு இன்று முப்பத்தொரு வயது. மாடியில் துணி காயப்போடக்கூட ஏற முடியாது. அதனால் நல்ல உடம்பை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். நல்ல உடம்பைத்தானே காப்பாற்ற வேண்டும்? கெட்ட பிறகு காப்பாற்ற என்ன இருக்கிறது?

ஆனால் நகல் செய்வது பெருஞ்செலவு. ஓர் அணிக்கு மூன்று நகல்தான் கட்டுபடியாகும். எங்கள் அணியில் மிருணாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நகல் இருந்தது. மற்றவர்களுக்குப் பழைய வைத்தியம்தான், அதாவது நானும் என் பத்து விரல்களும்.

மிருணா உட்காரும்போதெல்லாம் அவளுக்குப் பதிலாக ரங்கநாயகி ஆடினாள். காரமடைப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, கம்பெனி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவள். அவளைக் கண்டுபிடித்ததே நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன், கிளியைச் செய்த கம்பெனி ஒரு வேலை கொடுத்தது. மிருணாவுக்குப் பதிலாள் வேண்டும், ஆட்டம் மட்டும் பார்க்காதீர்கள், அளவும் பாருங்கள் என்றார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாற்பது பெண்களை அளந்தேன். கெண்டைக்காலின் நீளம், இடுப்பின் அகலம், எடை. குதித்து இறங்கும்போது இடது காலை இமைப்பொழுது முன்னதாக ஊன்றும் மிருணாவின் பழக்கம்கூட ரங்காவிடம் அப்படியே இருந்தது. அவள் பெயரைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்கும் தினமும் காலையில் பட்டை ஒட்டுவேன். சீட்டு எதுவும் வராது. "சும்மா கணக்குக்கு" என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பட்டை ஒட்டும்போது அவளுடைய இடது முழங்கால் சுட்டது. பயிற்சிக்கு முன்னால், தூங்கி எழுந்த காலில் சூடு இருந்தால் அது நல்லதல்ல.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க்கா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "நேத்து நாப்பது நிமிசமும் ஆடுனனுங்களா, அந்தச் சூடு. சித்தெ ஐஸு வெச்சாப் போயிருங்க்கா."

ஐஸ் வைத்தேன். மனசு கேட்கவில்லை. கிளியைப் பார்த்துக்கொள்ள அணியோடு தங்கியிருந்த பொறியாளன் ஃபைசல், உக்கடத்துப் பையன், அவனிடம் போனேன்.

"தம்பி, ரங்காவோட பட்டைக் கணக்கு உங்கிட்டதான இருக்கு? கிளியவிட்டு அவளுக்கும் ஒரு சீட்டு எடுத்துப் பாரேன்."

ஃபைசல் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "அவங்களுக்கு நகல் இல்லக்கா."

"ரெண்டு வருஷமா நான் ஒட்டற பட்டையெல்லாம் பின்ன எங்க போகுது?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். அவனுடைய அம்மாவின் தோள்பட்டையை ஆறு மாதம் வீட்டுக்கே போய்ச் சரிசெய்தவள் நான். அந்த விசுவாசம்தான் அவனைப் பேச வைத்திருக்க வேண்டும்.

"இருக்குக்கா. அணிக்கு இல்ல. எங்க கம்பெனிக்கு இருக்கு."

"எதுக்கு?"

"மிருணா மேடம் மூணு சீசனா அடிபடல. கிளி சொல்றப்பெல்லாம் உக்காந்துட்டாங்க. உக்காந்ததால அடிபடலையா, ஆடியிருந்தாலும் அடிபட்டிருக்காதா, யாருக்குத் தெரியும்? உடையாத உடம்புலருந்து கிளி ஒண்ணும் கத்துக்க முடியாதுக்கா. எங்க உடையும்னு சொல்லணும்னா, எங்கயாவது ஒருதடவ உடஞ்சாகணும்."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷமே தோன்றியது.

"அதே அளவு, அதே எடை, அதே இடது கால்" என்றேன்.

"ஆமாக்கா. மிருணா மேடத்தோட உடம்புக்குப் பக்கத்துல வர்ற உடம்பு. அதுக்குச் சீட்டு வரும், ஆனா யாருக்கும் காட்டமாட்டோம். காட்டினா நீங்க உக்கார வெச்சிருவீங்க. அப்ப கிளி சொன்னது சரியா தப்பான்னு தெரியாமப் போயிரும்."

"காட்டு."

"அக்கா..."

"காட்டுடா."

திரையைத் திருப்பினான். வரிசையாகச் சிவப்பு. எண்ணினேன். இருபத்துமூன்று நாளாகச் சிவப்பு. கீழே ஒரு வரி இருந்தது: ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் பகுதி ஆட்டம், இடது முழங்கால், நூற்றுக்கு எழுபது.

"அவங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றான் ஃபைசல். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அறுபது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தம். "நல்ல சம்பளம் கண்ணு, போடு" என்று பேனாவை நீட்டியவள் நான்தான். ஊசி போட்டு ஒருத்தியை அனுப்பியபோதாவது எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. இந்த முறை டேப்பைப் பிடித்துக்கொண்டு, பெருமைப்பட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் செய்திருக்கிறேன். எது பெரிய பாவம் என்று கர்த்தரிடம்தான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கணக்குக் கேட்டாள்.

"நூத்துக்கு எழுவதுங்களா? அப்ப என்ற பக்கமும் முப்பது இருக்குதுல்லீங்க்கா."

"ரங்கா, உன்னைய வெச்சு அவங்க சோதனை பண்ணியிருக்காங்க. புரியுதா?"

"புரியுதுங்க்கா. செக்கிங்ல நாங்களும் அப்படித்தான். நூறு பனியன்ல ஒண்ண எடுத்து இழுத்துக் கிழிச்சுப் பாப்போம். அந்த ஒண்ணு கிழிஞ்சாத்தான் மிச்சத்துக்கு கேரண்டி." சொல்லிவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "கோவம் இல்லாம இல்லீங்க்கா. ஆனா ஞாயித்துக்கெழம நான் ஆடோணும்."

"வேணாம் கண்ணு. உக்காரு."

"மிருணாக்கா உக்காந்தா அதுக்குப் பேரு ஓய்வு. நான் உக்காந்தா அதுக்குப் பேரு வேலையில்லைங்க்கா. இந்த சீசனோட ஒப்பந்தம் முடியுது. முட்டி போயிருச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எவன் எடுப்பான்? மறுக்கா செக்கிங் டேபிள்ல நின்னு ஓட்டை பாக்கோணும்."

"உன் ஆட்டத்தப் பாத்தவங்க விட்டுருவாங்களா?"

அதற்குத்தான் சிரித்தாள். "என்ற ஆட்டத்த ஆருங்க்கா பாக்க வர்றாங்க? மிருணாக்கா இல்லாத நாளுக்கு டிக்கெட்டு மலிவு, அதுக்கு வர்றாங்க. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பப்பூ சக்கரை. அந்த இலுப்பப்பூ நானு."

சனிக்கிழமை ராத்திரி ஆட்டம்தான் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்குப் போகும். மறுநாள் மதிய ஆட்டத்தில் மிருணா இருக்கமாட்டாள் என்பது எழுதப்படாத சட்டம். அவளை ஐஸ் தொட்டியில் உட்கார வைத்து, தசையைப் பிடித்துவிடுவது என் வேலை. ஆகவே ரங்கா ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மிருணாவும் சிகிச்சை அறையிலேயே இருப்போம். இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அரங்கத்துக்குள் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. பதிலாளின் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று ஒரு அலட்சியமும் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையில் மிருணாவிடம் சொன்னேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

"என்னைய பட்டுப் பொடவ மாதிரி பீரோல மடிச்சு வெச்சிருக்காங்கன்னு நான்பாட்டுக்கு எரிச்சல்ல இருந்தேன்க்கா. நல்ல நாள் கெழமைக்கு மட்டும் வெளிய எடுக்கறாங்களேன்னு. தெனப்படிக்கு இன்னொருத்தி கிழியறான்னு யோசிக்கவே இல்ல." மூடியை இறுக்கினாள். "நாளைக்கு எனக்கு என்ன சீட்டு?"

"இதுவரைக்கும் பச்சைதான். புதன்கிழமைதான் உக்காந்துட்டியே."

"அப்ப ஞாயித்துக்கெழம ஓய்வு கிளி குடுக்கறதில்லையா?"

"இல்ல. பழக்கத்துக்கு உக்கார வெக்கறது."

"நான் ஆடறேன்க்கா. ரங்காவ உக்கார வைங்க."

"உக்காந்தா அடுத்த வருஷம் எடம் இருக்காதுன்னு பயப்படறா."

மிருணா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஓய்வுப் பட்டியல்ல பேர் போட்டா எப்படிப் போகும்? வேலைநிறுத்தம் பண்ணி நாங்க வாங்கின விதி ஞாபகம் இல்லையா? பட்டியல்ல ஒருதடவ பேர் வந்துட்டா அடுத்த சீசன் முடியற வரைக்கும் அணி அவளை வெளிய அனுப்பக்கூடாது. சம்பளம் கொறைக்கக் கூடாது."

ஞாபகம் இருந்தது. ஆனால் அது நட்சத்திரங்கள் நட்சத்திரங்களுக்காக வாங்கிய விதி. அதில் 'நட்சத்திரம்' என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள். பதிலாளை எவராவது ஓய்வுப் பட்டியலில் போடுவார்கள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. பட்டியலுக்கு வேண்டியது பிசியோவின் ஒரு கையெழுத்து. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அது லீகுக்குப் போய்விட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மிருணாவுக்குப் பச்சைச் சீட்டுதான் வந்தது. பட்டியலில் வழக்கமான பெயரை எழுதாமல் 'ரங்கநாயகி, எண் இருபத்தேழு' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் மிருணாவுக்கு எப்போதும் எழுதுவதையே எழுதினேன்: 'நலமாக இருக்கிறார். ஓய்வு தேவை.' அனுப்பிய பிறகு ரங்காவிடம் போய்ச் சொன்னேன். விதியையும் விளக்கினேன்.

"என்னையக் கேக்கவே இல்லீங்களே" என்றாள்.

நியாயம்தான். கேட்காமல் அளந்தேன், கேட்காமல் உட்கார வைத்தேன். அதன் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீருடையைப் போட்டுக்கொண்டு, துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அன்று இரண்டு புள்ளியில் தோற்றோம். செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை போனது. ஃபைசல் காட்டியபோதே படமெடுத்து வைத்திருந்த பக்கங்களை லீகின் விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன்; விசாரணை இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது. ரங்காவுக்கு இடம் நிலைத்தது. அந்த மூன்றாம் பகுதியில் அவள் ஆடியிருந்தால் முழங்கால் போயிருக்குமா என்று என்னைப் பலர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. கிளிக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. ஒருவரைக் காப்பாற்றினால் காப்பாற்றினோம் என்பதற்குச் சாட்சியே இருக்காது என்பதை அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று ஆட்டத்துக்கு முந்தின அந்தப் பத்து நிமிஷத்தை.

முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்குள் வந்து நின்றேன். சனிக்கிழமை வருகிற கூட்டம் வேறு, இது வேறு. பாதிக்கு மேல் பெண்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு கிடைத்து, திருப்பூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள். டப்பாவில் கட்டிவந்த தக்காளிச் சோற்றின் வாசனை நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. பதினோராம் எண் சட்டை அங்கே ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இவர்கள் மிருணாவின் ஆட்டத்தை நேரில் ஒருமுறையும் பார்த்திராதவர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு அதிர்ஷ்டக்காரர்கள், மலிவு டிக்கெட்டில் மிருணாளினியையே பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிவிப்பாளருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் மனப்பாடம். "இன்றைய ஆட்டத்தில் ஓய்வில் இருப்பவர், நொய்யல் அணியின் பதினோராம் எண்..." என்று தொடங்கிவிட்டார். நிறுத்தினார். காகிதத்தைப் புரட்டும் ஓசை மைக்கில் கேட்டது. "மன்னிக்கவும். எண் இருபத்தேழு. ரங்கநாயகி."

பிறகு அந்தச் சத்தம் எழுந்தது.

மேல்வரிசையில் தொடங்கி, இரண்டு பக்கமும் இறங்கி, கீழே வரைக்கும் வந்தது. நான் ஏழு வருஷத்தில் கேட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். பாயசம் தீர்ந்தது போல அல்ல, இலையையே எடுத்துவிட்டது போல. யாரோ ஒரு பெண் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"ரங்காவப் பாக்கத்தானுங்க ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம்! அவ இல்லாம என்னத்தப் பாக்கறது?"

"மிருணாளினி ஆடறாங்கம்மா!" என்று ஒரு காவலர் அவளுக்குச் சமாதானம் சொன்னார்.

"ஆரா இருந்தா எனக்கென்னங்க?"

மிருணா மைதானத்துக்குள் ஓடி வந்தவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

"நான் ஆடப்போறேன்னு தெரிஞ்சு ஜனங்க வருத்தப்படறது இதுதான்க்கா மொத தடவ" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

பெஞ்சின் கோடியில் ரங்கா துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் இன்னும் அடங்கவில்லை. அவள் அதை மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசை வரைக்கும் கண்ணாலேயே தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து என்னோடு பேசாதவள், என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அக்கா" என்றாள். "அந்த மைக்குக்காரர்கிட்ட சொல்லி, அந்தப் பட்டியல இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்க்கா."